தொண்ணூற்றொன்பது வருஷ மோட்டார்

பி பிளாக் லிப்டின் கயிற்றுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் ஆயுள் என்று மெர்சி கணினியில் பதிவு செய்த பதினோராவது நிமிஷம், மோசஸ் அவள் வீட்டு வாசலில் நின்றார். நாலாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு அதே லிப்டில்தான் வந்திருந்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தன் முழு உடம்பையும் கொண்டு வந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“இன்னா சிஸ்டர், எங்க லிப்டு சாவப்போவுதா?”

“சாவாது பிரதர். கயிறு தேஞ்சிகினு வருது. ரெண்டு வருசத்துல மாத்தணும்னு போட்டுகீறேன்.”

“ஏ பிளாக் கயிறுக்கு அஞ்சு வருசம் போட்டுகீறீங்களே?”

“அது மூணு வருசம் கழிச்சி மாட்டினது.”

“ஒரே பில்டரு, ஒரே சிமிட்டி. அவங்களுக்கு அஞ்சு, எங்களுக்கு ரெண்டு. பி பிளாக்குன்னா அவ்ளோ எளக்காரமா?”

“நானும் பி பிளாக்குதான் பிரதர்.”

“அத்ததான் நானும் கேக்குறேன். சொந்த பிளாக்குக்கே இப்டி பண்லாமா?”

மோசஸ் கெட்டவர் இல்லை. சிப்காட்டில் பாட்டில் தயாரிக்கும் கம்பெனியில் தரப் பரிசோதகர். ஒரு நாளைக்கு நானூறு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் உடைத்துப் போடுகிறவர். வேலைவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் விரிசல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவர் மட்டும் அல்ல. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ‘பாரடைஸ் கார்டன்ஸ்’ அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐம்பத்தாறு வீடுகள். கார்டன் என்பது வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு அரளிச் செடிகள். பாரடைஸ் எது என்று பில்டர் கடைசிவரை காட்டவில்லை. ஆனால் அங்கே இருக்கிறவர்கள் அப்படிக் கேட்கிற ஆட்கள் இல்லை. முந்தின தலைமுறை வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பங்கள். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, இருபது வருஷக் கடன் வாங்கி, தங்கள் பெயரில் பத்திரம் போட்ட முதல் சுவர்கள் இவை. அந்தச் சுவருக்கு வயசாகிறது என்று ஒருவர் சொன்னால், பெற்ற பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நடுத்தெருவில் நின்று சொன்ன மாதிரி.

மெர்சி அதைத்தான் செய்திருந்தாள். முப்பத்தோரு தடவை.

அவள் தேர்வாய் கண்டிகையில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புத் திட்ட அலுவலர். இருநூற்றுப் பன்னிரண்டு மெஷின்களில் எது எப்போது படுக்கும், அதற்கு முன்னாலேயே எதை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. வீட்டில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்காததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். பதவிக்கு வந்த முதல் மாதமே சங்கப் பணத்தில் ஒரு சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தா கட்டினாள். மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் பணம் வாட்ச்மேனுக்கும் கரண்டுக்கும் போய்விடும். லிப்ட், மோட்டார், மொட்டை மாடி என்று பெரிய செலவுகளுக்கென்று தனியாக ஒரு நிதி. அதைக் குடியிருப்பில் எல்லாரும் ‘கார்பஸ்’ என்பார்கள். கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அதன் மீதி ஆயுளையும் மாற்றும் செலவையும் கொடுத்தால், அந்த நிதிக்கு வீட்டுக்கு மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சாஃப்ட்வேர் சொல்லும். முப்பது வருஷத்துக்கு ஒரு கோடும் போட்டு, எல்லார் போனிலும் உடனுக்குடன் காட்டும். கோடு தரைக்குக் கீழே போனால் சிவப்பு.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், இரண்டாம் மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் சுமலதாவுக்காக. இதை மெர்சி யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாதம் போர்வெல் தூர்ந்துபோய் அதற்குள் இருந்த மோட்டாரும் எரிந்தது. கார்பஸில் பணம் இல்லை. வீட்டுக்கு ஒன்பதாயிரம், பத்தே நாளில், கட்டாதவர்களுக்குத் தண்ணீர் இணைப்பு மூடப்படும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. மெர்சி அப்போது பொருளாளர். சுமலதாவின் புருஷன் ரகுவுக்குக் கான்ட்ராக்ட் வேலை போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. பதினோராம் நாள் அந்த வீட்டு வால்வை மூடினார்கள். தீர்மானத்தை வாசலில் நின்று வாசித்தவள் மெர்சி. மூன்று நாள் சுமலதா இடுப்பில் குடத்தோடு, எதிரில் இறங்கி வரும் மெர்சிக்கு வழிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்று, “போங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். நாலாம் நாள் தாலிச் செயினை அடகு வைத்துக் கட்டிவிட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘போங்கக்கா’வில் கோபம் இருந்திருந்தால்கூட மெர்சிக்குத் தூக்கம் வந்திருக்கும்.

தான் பதவியில் இருக்கும்வரை அப்படி ஒரு வசூல் இந்தக் கட்டடத்தில் இன்னொரு முறை நடக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆனால் கட்டடம் ஒத்துழைக்கவில்லை. ஒரு வாரமாக வாசலில் வரிசை. ஏ பிளாக் முதல் மாடி கலியன், ரோலிங் மில்லில் முப்பத்திரண்டு வருஷ ஃபிட்டர், கீழ்த்தொட்டியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தார். மோட்டார் அறை அவர் படுக்கையறைக்கு நேர் கீழே.

“மெர்சிம்மா, எம்மோட்டாருக்கு மூணு வருசம்னு போட்டுகீறியாமே? அது ஓட்ற சத்தத்தக் கேட்டுகினுதான் நான் தூங்கறதே. இருவது போடும்மா.”

“இருவது வருசம் எந்த மோட்டாரும் ஓடாதுண்ணா. உங்களுக்குத் தெரியாததா?”

“மில்லு மோட்டாரு ஓடாது. இது நம்ம மோட்டாரு.”

சங்கத் தலைவர் பாக்கியநாதன் இந்தப் பேஜாருக்கெல்லாம் ஒரு முடிவு கட்டினார். ஓய்வுபெற்ற ஷிப்டு சூப்பர்வைசர். நாலு பேர் கூடினாலும் மைக் கேட்பவர். “ஜனநாயகம்னு ஒண்ணு கீது சிஸ்டர். எல்லாருக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு குடுத்துடுங்க. அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்களே ஆயுள் போட்டுக்கட்டும்” என்று வாட்ஸப் குழுவில் எழுதினார். நாற்பத்தோரு பேர் கைதட்டினார்கள். மெர்சி கொடுத்துவிட்டாள். இந்த விஷயத்தில் அவள் செய்த ஒரே தப்பு அது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பாரடைஸ் கார்டன்ஸுக்கு மரணம் இல்லை என்று ஆகிவிட்டது. பெயின்டுக்கு நாற்பது வருஷம். பி பிளாக் கயிற்றுக்கு அறுபது. அதைப் பார்த்து ஏ பிளாக் கயிற்றுக்கு அறுபத்தொன்று. கேட்டுக்கு முப்பது என்று யாரோ போட, துருப்பிடித்த கேட்டே முப்பது என்றால் என் மோட்டார் என்ன மட்டமா என்று கலியன் தொண்ணூற்றொன்பது போட்டார்.

“நூறு போடலாம்னுதாம்மா பாத்தேன். ரெண்டு நம்பருக்கு மேல எடுக்க மாட்டேங்குது” என்று அவளிடமே வருத்தப்பட்டார்.

சாஃப்ட்வேர் எதையும் சந்தேகப்படாத ஜென்மம். சொன்னதை நம்பிக் கணக்குப் போட்டு, கோட்டைத் தூக்கி வானத்தில் வைத்து, ‘மாதம் வீட்டுக்கு ரூ.11 போதுமானது’ என்று பச்சையில் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டியது. பாக்கியநாதன் அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, மிச்சமுள்ள நிதியில் நாலு லட்சத்தில் வாசலில் விளக்கு வைத்த வளைவு கட்டலாம் என்றும், பதினைந்து நாளில் பொதுக்குழு என்றும் அறிவித்தார்.

மெர்சியின் புருஷன் ஜோஷ்வா எளாவூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். காலையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பச்சைக் கட்டைவிரலை வெகுநேரம் ரசித்தான்.

“பதினோரு ரூவா. ஒரு டீ காசு. நல்லாத்தான கீது?”

“நக்கல் பண்ணாத. அடுத்த தடவ எது படுத்தாலும் மறுபடியும் வசூலு. மறுபடியும் நான்தான் போய்த் தட்டணும்.”

“நீ தப்பான ஆளாண்ட கேட்டுகினு கீற. லாரி ஓனரக் கேட்டா எல்லா லாரியும் புதுசுதான். ஓட்றவனக் கேளு, பிரேக்கு எப்டி கீதுன்னு அவன் சொல்லுவான்.”

“இங்க ஓட்றவன் யாரு? எல்லாரும் ஓனருதான்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு அவளை விடவில்லை. தொழிற்சாலையில் மெஷின் மெஷினாக நடந்தபோது, பதினாலு வருஷமாகப் பார்க்கும் பலகையை முதல் தடவையாகப் பார்த்தாள். ஒவ்வொரு மெஷினிலும் அதை ஓட்டுகிறவரின் போட்டோ, பெயர், அதன் நிலைமை என்று அவரே எழுதிய நாலு வரி. அந்தப் பலகையில் யாரும் பொய் எழுதியதில்லை. உத்தமர்கள் என்பதால் அல்ல. அடுத்த ஷிப்டுக்காரன் வந்து படிப்பான், படித்துவிட்டுச் சிரிப்பான் என்பதால். கணினியில் எழுதும்போது அவர்கள் வீட்டு ஓனர்கள். மெஷின் பக்கத்தில் மூஞ்சியோடு நிற்கும்போதுதான் ஃபிட்டரும் பரிசோதகரும்.

சங்க விண்ணப்பங்களில் எல்லாருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் இருந்தது. பஜாரில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முப்பது பலகை லேமினேட் செய்து வாங்கினாள். எந்த எண்ணையும் திருத்தவில்லை. யார் எதைப் போட்டார்கள் என்று சாஃப்ட்வேரிலேயே இருந்தது; அவரவர் போட்டதை அவரவர் போட்டோவோடு அப்படியே அச்சடித்தாள். சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்கள் ஆளை இறக்கிவிட்டும் ஏற்றிக்கொண்டும் போகிற நேரத்துக்குச் சற்று முன்னால் அத்தனையும் அதனதன் இடத்தில் தொங்கவிட்டாள். கிழித்துப் போட்டார்கள் என்றால் தன் செயலாளர் பதவியும் அதோடு போகும் என்று தெரியும்.

மோட்டார் அறைக் கதவில், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கறுத்த மீசையோடு கலியன் முறைத்துக்கொண்டிருந்தார். கீழே: ‘தண்ணீர் ஏற்றும் மோட்டார். மீதி ஆயுள்: 99 ஆண்டு. உறுதி செய்பவர்: கலியன், ஃபிட்டர்.’

அவர் மில்லிலேயே வேலை செய்யும் அன்பு ஷிப்டு முடிந்து அந்த வழியாக வந்தவன், பலகையை இரண்டு தடவை படித்தான். அப்புறம் மேலே பார்த்துக் கூப்பிட்டான்.

“கலியண்ணே! நம்ம மில்லு மோட்டாருக்கும் நீயே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. நூறு வருசத்துக்கு மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டே வாணாம். உனக்கு ஒரு செல வெச்சிடுவாங்க!”

கலியன் பனியனோடு இறங்கி வந்தார். பலகையைப் பார்த்தார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரைப் பார்த்தார். திரும்பி மேலே போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, முழங்கை நீள ஸ்க்ரூடிரைவரோடு திரும்பினார். ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடியில் அதன் நுனியை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, கண்ணை மூடி, எந்த டாக்டரும் கேட்டிருக்காத அவ்வளவு நேரம் கேட்டார்.

“பேரிங்கு அழுவுதும்மா” என்றார். “ஷாஃப்டும் லேசா ஆடுது. மூணு வருசம்னு நீ போட்டது தப்பு.”

“கம்மியாண்ணா?”

“ஜாஸ்தி. பதினாலு மாசம். அதுக்கு மேல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பலகையில் 99-ஐ அடித்துவிட்டு ‘14 மாசம்’ என்று மார்க்கரில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்பு சிரிக்கவில்லை. குனிந்து அவனும் ஒரு தடவை காதை வைத்துக் கேட்டான். “ஆமாண்ணே” என்றான்.

அதற்கப்புறம் கட்டடம் வேகமாகச் சாக ஆரம்பித்தது. லிப்ட் மெக்கானிக் வந்த அன்று மோசஸ் கம்பெனியிலிருந்து மயிரிழை கனத்தையும் அளக்கும் வெர்னியர் கருவியை இரவல் வாங்கி வந்து, லிப்டை நிறுத்தச் சொல்லி, கயிற்றை நாற்பது இடத்தில் அளந்தார்.

“ரெண்டு வருசம் இல்ல சிஸ்டர். ஒன்றரை” என்றார், பரிசு வாங்கினவர் முகத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏ பிளாக்கயும் அளந்துட்டேன். அஞ்செல்லாம் கிடையாது, மூணுதான்” என்றார். அந்த வருஷத்தில் மோசஸ் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

எலக்ட்ரீஷியன்கள் மெயின் போர்டைத் திறந்து கருகிய வயரைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். வெல்டர் விமல் கேட்டைச் சுத்தியலால் தட்டி, முப்பதை நாலாக்கினான். யார் அதிகக் கறார் என்பதில் போட்டி. தன் பொருளுக்கு வருஷத்தைக் கூட்டி வைத்திருந்தவனைக் கண்டால் லிப்டில் நகர்ந்து நின்றார்கள். சாஃப்ட்வேர் கட்டைவிரலை இறக்கிக்கொண்டு, ‘மாதம் வீட்டுக்கு ரூ.640’ என்று சிவப்பில் எழுதியது.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், கார் நிறுத்தும் இடத்தில் கூடியது. நாற்பத்தேழு வீட்டார். பாக்கியநாதன் கையில் வளைவின் வரைபடமும் மைக்கும்.

மெர்சி எண்ணைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “போன வாரம் பதினொன்னு, இந்த வாரம் அறுநூத்தி நாப்பதா? நடுவுல இன்னா ஆச்சி, பில்டிங்கு மேல லாரி ஏறிச்சா?”

கலியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எம்மோட்டாரு செத்துகினு கீது. நான் சொல்றேன். முப்பத்திரண்டு வருசம் மோட்டாரு பாத்தவன் சொல்றேன். இல்லன்னு சொல்றவன் எவன்னா இருந்தா ஸ்க்ரூடிரைவரு தரேன், வந்து கேளு.”

யாரும் போகவில்லை. பாக்கியநாதன் மைக்கைத் தட்டினார். வளைவைப் பற்றிப் பேசப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“எல்லாத்துக்கும் போர்டு கீது. கேட்டுக்குக்கூட கீது. தலைவருக்கு ஒரு போர்டு இல்லையே சிஸ்டர்?”

“மிச்சம் ஒண்ணுதான் சார் கீது. மொட்டை மாடித் தளம். தண்ணி எறங்காம புதுசாப் போடணும். அத்த யாருகிட்ட குடுக்குறதுன்னு பயந்துகினு வெச்சிருந்தேன்.”

“எவ்ளோ?”

“பதினேழு லட்சம்.”

“பதினேழு லட்சம்” என்று பாக்கியநாதன் மைக்கில் திருப்பிச் சொன்னார். அது ஸ்பீக்கரில் நன்றாகவே ஒலித்தது. “லிப்டு எவ்ளோ?”

“முழுசா மாத்தினா பன்னெண்டு.”

பாக்கியநாதன் மோசஸை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வளைவின் வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வளைவு இன்னாத்துக்கு? ஒழுவுற ஊட்டுக்கு எவனாவது தோரணம் கட்டுவானா?” என்று, வேறு யாரோ அதைக் கேட்டது போலக் கண்டிக்கிற தொனியில் கேட்டார்.

அப்போதுதான் சுமலதா எழுந்தாள். மைக் வேண்டாம் என்று கையாட்டினாள்.

“அக்கா, அறுநூத்தி நாப்பது எங்களுக்குக் கஷ்டந்தான். ஆனா மாசாமாசம்னு தெரிஞ்சிட்டா, சீட்டுப் பணம் மாதிரி எடுத்து வெச்சிருவேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இன்னொரு தடவ பத்து நாள் டைம் குடுத்து வந்து கதவத் தட்டுவீங்களா?”

மெர்சி கணினியைப் பார்த்தாள். அதில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

“தட்டவே மாட்டோம்னு இந்த சாஃப்ட்வேரு சொல்லாது சுமா. நானும் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் இருக்கறவரைக்கும் அப்டி ஒரு வசூலு வந்தா, மொதல்ல மூடுறது என் ஊட்டு வால்வு. நீயே வந்து மூடு. அன்னிக்கி நான் வாசிச்சது தப்பு.”

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“அத்த மினிட்ஸ்ல எழுதுங்க” என்றாள் சுமலதா.

எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. எட்டில் ஐந்து பேர் ஏ பிளாக். கயிற்றை மூன்று என்று அளந்த கோபம்.

அதிலிருந்து பதினோராவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மோட்டார் நின்றது. எந்த மோட்டார் வாங்குவது, எவ்வளவு, யார் மாட்டுவது எல்லாம் சாஃப்ட்வேரில் முன்பே இருந்தது. மெர்சி தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒரு போன் செய்தாள். நாலு மணிக்குப் புது மோட்டார் தண்ணீர் ஏற்றியது.

மறுநாள் மாலை அவள் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மோட்டார் அறை வாசலில் கலியன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். காய்கறிப் பையோடு வந்த சுமலதா நின்றாள்.

“இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லையா?”

“பதினாலுன்னு கையெழுத்துப் போட்டேன். பதினொன்னுலியே பூட்ச்சி. மில்லுல எப்டி மூஞ்சி காட்டுவேன்?”

“எது பூட்ச்சி?”

“மோட்டாரும்மா. நேத்து. உனக்குத் தெரியாதா?”

“நேத்தா?” சுமலதா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “நேத்து சாயந்தரம் துணி தொவச்சேனே. தண்ணி வந்துச்சே.”

மெர்சி ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டாள். அது ஏற்கெனவே போட்டிருந்தது. சரியாக நிற்கிறதா என்று இன்னொரு தடவை போட்டாள். அவள் தொழிற்சாலையில் இரண்டு தடவை சிறந்த ஊழியர் கேடயம் வாங்கியவள். அந்த இரண்டையும் இந்தத் ‘தண்ணி வந்துச்சே’வுக்குப் பதிலாக யார் கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

கலியன் எழுந்து மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினார். புதுப் பலகை. இந்த முறை நரைத்த மீசைப் போட்டோ.

“மெர்சிம்மா, கம்பெனிக்காரன் இதுக்குப் பத்து வருசம்னு புக்குல போட்டுகீறான்.”

“நீங்க இன்னாண்ணா சொல்றீங்க?”

அவர் புது மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அது ஓடுவதைக் கையாலேயே கேட்டார்.

“அவன் நம்ம உப்புத் தண்ணியப் பாத்ததில்ல” என்று சொல்லி, பெரிதாக ஏழு என்று எழுதினார்.